டோ கிளிப்புக்குள் நுழைகிற ஷூ

பாண்டியில் ஏதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போய்ச் சைக்கிள் ஓட்ட ஷூ வேண்டும் என்று கேட்டால், முதலில் ஓடுவதற்கான ஷூவைத்தான் எடுத்துப் போடுவார்கள். இல்லைங்க, சைக்கிளுக்கென்றே உள்ளது என்று அழுத்திச் சொன்னால், கடைப்பையன் போனை எடுத்து, அடியில் திருகு மாட்டத் துளை வைத்த பிளாஸ்டிக் சோல் ஷூ ஒன்றைக் காட்டி, "ஆர்டர் போட்டா வந்துடும் சார்" என்பான். எனக்கு வேண்டியது இரண்டும் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பந்தயம் ஓட்டியவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த ஒரு தோல் ஷூ. மெல்லிய, விறைப்பான சோல். ஒடுங்கிய முன்பக்கம். கட்டுவதற்கு லேஸ். கேட்டால் ஒன்றுமே இல்லாத சமாச்சாரம், தேடினால்தான் தெரிகிறது.

ஷூவுக்கு வருமுன் பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வம்பு ஆரம்பித்ததே அங்கேதான்.

என்னிடம் இருப்பது பழைய பெஜோ சைக்கிள். குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய மனிதர். திரும்பும்போது சைக்கிளையும் கொண்டுவந்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. குடும்பம் பாரிசுக்குக் கிளம்பி வீட்டைக் காலி செய்தபோது, பழைய இரும்புக்காரருக்குப் போக வேண்டியதை நான் கேட்டு வாங்கினேன். வெள்ளை பிரேம், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், சாய்வுக் குழாயில் இரண்டு சின்ன கியர் லீவர். பெடல் லியோத்தார் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது: முன்னும் பின்னும் பல் வைத்த எஃகுத் தகடு, வெளிமுனையில் மேலே சுருண்டு நிற்கும் ஒரு மூக்கு. நம் ஊர் சைக்கிளில் இருக்கிற ரப்பர் பெடல் கட்டையெல்லாம் கிடையாது.

பெடலை மாற்றிவிட்டால் போயிற்று என்றுதான் சைக்கிள் கடைக்காரரும் சொன்னார். புதுசு ஒன்றை எடுத்து வைத்துத் திருகினார். மரை பிடிக்கவில்லை. இப்போது எங்கே வாங்கினாலும் நல்ல பெடலின் மரை 9/16 அங்குலம், அதாவது 14.29 மி.மீ. பழைய பிரெஞ்சு சைக்கிளில் அது சரியாக 14 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒத்துவராது என்றால் வராது. பெடல் முனையில் நமக்குப் பழக்கமான ஆர், எல் எழுத்தும் இருக்காது. வலதுக்கு டி, இடதுக்கு ஜி. துருவா, கோஷ். பாண்டியில் வளர்ந்தால் இந்த மாதிரி நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு உதவுகிறது.

"கிராங்குல புது மரை வெட்டிடலாம் சார், ஒரு மணி நேர வேலை" என்றார் கடைக்காரர். கிராங்க் என்றால் பெடலைத் தாங்கும் கை. வெட்டலாம், பல பேர் வெட்டியும் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஹேண்டில் டேப், டயர், பிரேக் கட்டை, செயின் எல்லாம் ஏற்கெனவே மாறிவிட்டன. கிராங்கையும் வெட்டிவிட்டால் அப்புறம் அந்த சைக்கிளில் பிரெஞ்சு என்று மிச்சம் இருப்பது ஸ்டிக்கர் மட்டும்தான். ஆகவே பெடல் அப்படியே இருக்கட்டும், பெடலோடு வந்த டோ கிளிப்பும் இருக்கட்டும், காலுக்கு ஏற்றதைத் தேடுவோம் என்று முடிவாயிற்று.

டோ கிளிப்பைப் பார்க்காதவர்களுக்காக: பெடலின் முன்பக்கம் இரண்டு சின்னத் திருகால் மாட்டும் எஃகுக் கூண்டு அது. மாட்டுக்கு வாயில் கட்டும் கூடையில் மேல் பாதியை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். கால் முன்னால் வழுக்கிப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். கூண்டின் உச்சியில் உள்ள வளையம் வழியாகவும் பெடலின் வயிற்று வழியாகவும் ஒரு தோல் ஸ்ட்ராப் சுற்றி வரும். வெளிப்பக்கம் ஸ்பிரிங் வைத்த பக்கிள். ஸ்ட்ராப் நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும். பக்கிளைப் பெருவிரலால் தள்ளினால் தளரும். கால் கீழே போகும்போது மிதிக்கிறோம், அது யாரும் செய்வது. கிளிப் இருந்தால் கால் மேலே வரும்போதும் பெடல் ஒட்டிக்கொண்டே வரும். மேட்டில் கால் நழுவாது. வேகமாகச் சுற்றும்போது பாதம் பெடலை விட்டுத் தாவாது.

என் கிளிப்பின் முன்முகத்தில் கிறிஸ்தோஃப் என்ற பெயர் பதிந்திருக்கிறது. அது யூஜேன் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சுப் பந்தய வீரரின் பெயர். 1913 தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவர் சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. வெளியாள் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரம் வரை நடந்து, சான்த் மாரி த கம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே உலையில் வைத்து அடித்து ஒட்டினார். துருத்தி ஊதியது ஒரு சின்னப் பையன். அதையும் வெளியாள் உதவி என்று கணக்கில் எடுத்துத் தண்டனை நேரம் போட்டார்கள் அதிகாரிகள். 1919-ல், பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை முதல்முதலாக வந்தபோது அதை முதலில் போட்டவரும் இவரே. ஆனால் தூர் த பிரான்ஸை ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர் மறந்து போனார்கள், இவர் பெயர் மட்டும் ஆயிரக்கணக்கான பேரின் கால்விரலுக்கு எதிரே நிற்கிறது. ஸ்ட்ராப்பிலும் இதே கதைதான். இத்தாலியின் ஆல்ஃபிரேடோ பிந்தா, ஜீரோ த இத்தாலியா பந்தயத்தை ஐந்து தடவை ஜெயித்தவர். கிளிப் கட்டிய காலத்துக்காரர்களுக்கு பிந்தா என்றால் ஸ்ட்ராப்.

சரி, ஷூவுக்கு வருவோம்.

இன்றைக்கு எல்லோரும் மாட்டுகிற பூட்டு வகைப் பெடலில் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், கால் கழன்றுவிடும். டோ கிளிப்பில் திருப்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. நேராகப் பின்னால் உருவ வேண்டும். ஸ்ட்ராப் இறுகியிருந்தால் முதலில் குனிந்து பக்கிளைத் தள்ளிவிட்டு, அப்புறம் உருவ வேண்டும். இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் முன்னால் போகிற ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று ஓரம் கட்டும்போது இந்த இரண்டு வேலைக்கும் அவகாசம் இருக்காது. அதனால் ஊருக்குள் கீழே ஊன்றுகிற இடது காலின் ஸ்ட்ராப்பைத் தளர்த்தியே வைத்துக்கொள்வேன். முருங்கப்பாக்கம் தாண்டிய பிறகுதான் இழுப்பது. ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலும் ஷூ தடையில்லாமல் வழுக்கி வெளியே வந்தாக வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் ஓடுகிற ஷூ கழுத்தறுக்கிறது.

ஓடுகிற ஷூவின் சோலைத் திருப்பிப் பாருங்கள். பிடிமானத்துக்காகக் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கும். பெடல் தகட்டின் பல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிதிக்கும்போது அது சுகம். உருவும்போது விடாது. அடுத்தது அகலம். நிலையாக நிற்பதற்காக அடி சோல் இரண்டு பக்கமும் பிதுங்கியிருக்கும். கிராங்குக்கும் பெடல் மூக்குக்கும் இடையில் உள்ள சந்தில் அது நுழையவே முரண்டு பிடிக்கும். மூன்றாவது கனம். குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்க வைத்த நுரை, கிளிப்பின் உயரத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடும். விரல்களின் மேல்பக்கம் கூண்டில் இடிக்கும்.

இது எல்லாவற்றையும் சகித்துக்கொண்டாலும் சோல் வளைவது என்று ஒன்று இருக்கிறது. லியோத்தார் மாதிரி பெடலில் பாதம் பலகை மேல் நிற்பதில்லை. இரண்டு தகட்டு விளிம்பின் மேல் நிற்கிறது. சோல் மெத்தென்று இருந்தால் அந்த இரண்டு விளிம்பும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, தவளக்குப்பம் போவதற்குள் பாதத்தில் இரண்டு கோடு எரிய ஆரம்பிக்கும். கிருமாம்பாக்கத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். ரெட்டிச்சாவடியில் இறங்கி டீ குடிக்கிற சாக்கில் ஷூவைக் கழற்றி விரலை அசைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்துப் பந்தய ஷூ இத்தனைக்கும் ஒரே பதில் வைத்திருந்தது: தோல் சோல். வழவழப்பு, விறைப்பு, மெல்லிசு மூன்றும் அதில் சேர்ந்தே வரும். குதிகாலில் கட்டை கிடையாது. லேஸ் ஏறக்குறைய விரல் நுனி வரை இறங்கும், பாதத்தை முழுக்க இறுக்க. மேல்தோலில் காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டை. அடியில் கிளீட் என்று ஒரு துண்டு. குறுக்கே ஒரு பள்ளம், அந்தப் பள்ளம் பெடலின் பின்தகட்டில் போய் மாட்டும். ஸ்ட்ராப்பையும் இறுக்கிவிட்டால் கால் பெடலோடு ஒன்றாகிவிடும், பக்கிளைத் தள்ளாமல் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அந்த கிளீட்டை எங்கே அடிப்பது என்று அவர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அளவெடுக்கும் கருவி எதுவும் இல்லை. புது ஷூவைப் போட்டுக்கொண்டு கிளீட் இல்லாமலே கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். கால் தனக்கு வசதியான இடத்தில் தானே போய் நிற்கும். பெடல் தகடு தோல் சோலில் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டில் செருப்பு தைக்கிறவர் கிளீட்டை வைத்து ஆணி அடித்துத் தருவார்.

1984-ல் லுக் என்ற பிரெஞ்சுக் கம்பெனி, பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டுகிற தன் பழைய தொழிலைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. 1985-ல் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு தூர் த பிரான்ஸை ஜெயித்தார். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனியுடைய எஸ்பிடி என்ற பூட்டுப் பெடல் வந்தது. மண் ரோட்டில் ஓட்டுகிறவர்களும் மாறினார்கள். ஷூ செய்கிறவர்கள் தோல் சோலைக் கைவிட்டுத் துளை வைத்த பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். இன்று கிளிப்பும் ஸ்ட்ராப்புமாக முழுநேரத் தொழில் நடப்பது முக்கியமாக ஜப்பானில்தான். 1948-ல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் பணம் கட்டிச் சூதாடுவார்கள் என்பதால், சைக்கிளின் ஒவ்வொரு உருப்படிக்கும் அங்கீகார முத்திரை வேண்டும். கிளிப்பும் ஸ்ட்ராப்பும் அந்தப் பட்டியலில் அப்படியே நிலைத்துவிட்டன. அடுத்தது இத்தாலியின் லெரோய்கா. 1997-ல் தொடங்கிய பழைய சைக்கிள் சவாரி. 1987-க்கு முந்தைய சைக்கிளாக இருக்க வேண்டும், பெடலில் கிளிப்பும் ஸ்ட்ராப்பும் இருக்க வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தின் புண்ணியத்தில் பழைய பாணித் தோல் ஷூவை இன்றும் சிலர் செய்து விற்கிறார்கள். துரோமார்த்தி, வித்தோரியா என்று பெயர்கள் கேட்டிருப்பீர்கள்.

கேட்டிருப்போம், வாங்குவதுதான் யோசனை. ஷூ விலை, கப்பல் கூலி, அதற்கு மேல் சுங்கம். இத்தனையும் கட்டி வரவழைத்தாலும் சேரும் என்று உத்தரவாதம் இல்லை. என்னுடையது சின்ன வயதெல்லாம் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால். விரல்கள் விசிறியாக விரிந்து கிடக்கும். இத்தாலிக்காரர் அச்சு ஒடுக்கமானது என்று ஊரே சொல்கிறது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிற செலவில் இங்கே ஒரு ஜோடி வாங்கலாம்.

அடிடாஸ் சாம்பாவைப் பலர் சிபாரிசு செய்வார்கள். தப்பில்லை. உறைந்த தரையில் கால்பந்துப் பயிற்சிக்காக வந்து, பிறகு உள்ளரங்க ஆட்டத்துக்குப் போன ஷூ என்பதால் சோல் மெல்லிசு, ஓரம் பிதுங்காது, முன்பக்கம் ஒடுங்கியிருக்கும், கிளிப்பில் அழகாக நுழையும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு ஒரு சுற்று வர, பாரதி பூங்காவரை போக, அது தாராளம். கடலூருக்குப் போதாது, சோல் வளைகிறது. பள்ளிக்கூட வெள்ளை கேன்வாஸ் ஷூவும் அப்படியே. இளக்காரமாகப் பார்க்கவேண்டாம், கிளிப்புக்குள் போய் வருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஸ்ட்ராப்பை ஒரு இழுப்பு இழுத்தால் கேன்வாஸ் மடிந்து பாதத்தை அறுக்கும். வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒரு கையில் நுனி, மறு கையில் குதிகால், நடுவில் வளைத்துப் பாருங்கள். அப்பளமாக மடிகிற ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இப்படி வளைத்துக்கொண்டே போனதில் கடைசிவரை அசையாமல் நின்றது ஆபீஸ் ஷூ. கறுப்பு, லேஸ் வைத்தது, தோல் சோல், கல்யாண மாப்பிள்ளை போடுவது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சிய ஆம்பூர் சரக்கு என்று ஒருவர் குவித்து வைத்திருந்தார். ஆம்பூரோ இல்லையோ, தையல் நன்றாக இருந்தது. பழைய படங்களில் உள்ள பந்தய ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் பங்காளிகள் என்பது தெரியும்: குதிகால் கட்டை கூடுதல், ஓட்டை இல்லை, லேஸ் கொஞ்சம் மேலேயே நிற்கிறது, அவ்வளவே. பழைய பாணி சைக்கிள் ஷூ என்று தேடுவதை நிறுத்தி, நல்ல தோல் ஷூவை வாங்கி மாற்றி அமைத்துக்கொள்வதுதான் நம் ஊரில் நடக்கிற காரியம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதுதான் என் கட்சி.

மாற்றி அமைக்க ஆள் வேண்டுமே. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வேப்பமரத்தடியில் தார்ப்பாய், இரும்புக் கால், மெழுகு தடவிய நூற்கண்டு. போலீஸ்காரர்களின் பூட்ஸுக்கு சோல் மாற்றிக் கொடுத்தே ஆயுளைக் கழித்தவர். ஷூவை மட்டும் கொடுத்தால் புரியாது என்று சைக்கிளிலேயே போனேன்.

சோலின் விளிம்பு மேல்தோலுக்கு வெளியே தள்ளி நிற்கிறது, அதைச் சுற்றிலும் தையல்வரை அறுத்துவிட வேண்டும் என்றேன். பெரியவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி? நல்ல ஷூவைக் கொண்டாந்து அறுக்கச் சொல்றீங்களே."

"இந்தச் சந்துல நுழையணும் ஐயா. விளிம்பு இடிக்குது."

பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். மூக்கைத் தொட்டார். "ஏறி உக்காருங்க" என்றார். மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஷூவைக் கிளிப்புக்குள் விடச் சொல்லி, கீழே குந்தி உட்கார்ந்து, சோலுக்கும் கிராங்குக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் மூக்கிலும் அதே மாதிரி. சாக்பீஸால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். "வெளிப்பக்கம் கூட அறுக்கணும், உள்பக்கம் கொஞ்சம் போதும். ஒரே அளவா அறுத்தா கால் கோணும்." நான் சொல்லாத விஷயம். படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. பாதம் பெடலில் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்பதை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது.

அப்புறம் விறைப்பு. உள்ளே இருந்த அட்டையை உரித்து எறிந்தார். பழுப்பாக, பலகைக் கனத்தில் ஒரு தோல் துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறிக் காட்டினார்; கீறல் வெள்ளையாக நின்றது. எருமைத் தோல், பட்டையில் பதம் போட்டது. தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துப் பதம் போடுவது நெடுநாள் வழக்கம். ஈஸ்ட் இந்தியா தோல் என்று கப்பலேறிப் போனது அப்படிப் பதமானதுதான். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. குரோமியத் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும். மேல்தோலுக்கு அதுதான் சரி. சோலுக்குப் பட்டைத் தோலுக்கு ஈடு கிடையாது. அழுத்தினால் வளையாது, அழுத்திய தடத்தையும் மறக்காது. பெடல் கோடு பதியும் என்று சொன்னேனே, பதிவது இந்தத் தோலில்தான்.

உள்ளே எருமைத் தோலை வைத்து ஒட்டி, ஓரத்தை அறுத்துக் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி, "ஓட்டிட்டு வாங்க, கோடு எங்க விழுதுன்னு பாப்போம்" என்று அனுப்பிவிட்டார். கிளீட் பற்றி நான் பிரஞ்சுக்காரன் கதை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கோட்டுக்காகக் காத்திருப்பது அவருக்கும் இயல்பாகவே தோன்றியிருக்கிறது.

பாண்டிக்கும் கடலூருக்கும் இடையில் 22 கிலோமீட்டர் சொச்சம். ஒரு மேடு கிடையாது, பாலங்கள்தான் மேடு. தென்பெண்ணை, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு. ஊரைப் பார்க்கப் போகிறவனுக்கு அலுப்பான ரோடு, ஷூவைச் சோதிக்கிறவனுக்கு இதைவிட நல்ல ரோடு இல்லை. இறங்காமல், நிறுத்தாமல், ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே போகலாம். கால் சொல்வது தெளிவாகக் கேட்கும். நடந்து காட்டுகிற வேலை ஒன்றுதான் மிச்சம், அதுவும் டீக்கடையில்.

கோடு விழுந்தது. வலது காலில் நேராக, இடது காலில் லேசாகச் சாய்ந்து. திரும்பப் போனபோது பெரியவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல இடது கால்ல அடிபட்டுச்சா?" என்று கேட்டார். பட்டது உண்மை, கில்லி ஆடும்போது. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அலுமினிய கிளீட் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். பந்தயக்காரருக்கு அது சரி. எனக்கு இரண்டு காரணம். பள்ளத்தில் மாட்டிய கால் ஸ்ட்ராப்பைத் தளர்த்தாமல் வராது; மாடும் ஆட்டோவும் சேர்ந்து போகிற ரோட்டில் அது வேண்டாத வீரம். தவிர உலோகத்தோடு மொசைக் தரையில் கால் வைத்தால் சறுக்கும். அதற்குப் பதிலாக அதே எருமைத் தோலில் இரண்டு பட்டை, நடுவில் பெடல் தகடு உட்காரும் அளவுக்கு ஒரு வாய்க்கால். நாலு மில்லிமீட்டர் உயரம். பெரியவர் பசை போட்டு ஒட்டி, அது போதாது என்று பித்தளை ஆணியும் அடித்தார்.

"லாடம்தானே இது. போலீசுக்கு நுனியில அடிப்போம், உங்களுக்கு நடுவுல."

இடது காலுக்குப் பட்டையைக் கோட்டின் சாய்வோடு சாய்வாகவே வைத்தார். பட்டைக்கு முன்னால் நுனிவரை சோல் வெறும் தோல், வழுக்கிப் போக. பட்டைக்குப் பின்னால் மெல்லிய ரப்பர், நடக்க. குதிகால் கட்டையைத் தொடவில்லை. பெடலில் படாத இடம், இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்ட்ராப் ஏறுகிற வெளி ஓரத்தில் மட்டும் ஒரு தோல் ஒட்டு, கிழியாமல் இருக்க. கூலி என்று அவர் கேட்டதற்கு மேல் கூடக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வைப்பதுதான் சிரமமாக இருந்தது.

இனி அது எப்படி இருக்கிறது என்பது. கிளிப்பின் கனத்தால் பெடல் எப்போதும் தலைகீழாகத்தான் தொங்கும். ஷூ நுனியால் பின்தகட்டைத் தட்டினால் ஒரு சுழல் சுழலும். சுழன்று நேராகும் அந்தக் கணத்தில் கால் உள்ளே போய்விட வேண்டும். பழைய ஷூவில் இது குனிந்து பார்த்துச் செய்கிற வேலை. இப்போது பார்ப்பதே இல்லை. தோல் வழுக்கிக்கொண்டு போகிறது, தகடு வாய்க்காலில் 'டக்' என்று விழுகிறது. ஸ்ட்ராப்பை இழுப்பது மேட்டுக்கும் எதிர்க்காற்றுக்கும் மட்டும். கடலூரிலிருந்து மத்தியானத்துக்கு மேல் திரும்பினால் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். அப்போது இழுத்துவிட்டால் கால் தனியாக, சைக்கிள் தனியாக ஆடுவது நிற்கும். பாதத்தில் எரிகிற கோடு இல்லை. விரலில் மரப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்ட்ராப்பை அதிகமாக இறுக்கினால் வரத்தான் செய்கிறது, அது ஷூவின் குற்றம் இல்லை.

ஸ்ட்ராப் பற்றி ஒரு விஷயம், புதிதாக மாட்டுகிறவர்கள் விட்டுவிடுவது. பெடலின் வயிற்றுக்குள் கொண்டுபோகும்போது ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் இழுக்க இழுக்க நழுவிக்கொண்டே போய் பக்கிள் இடம் மாறிவிடும். பக்கிள் தகட்டுக்குப் பக்கத்தில், கை உடனே எட்டுகிற உயரத்தில் நிற்க வேண்டும். லேஸின் முடிச்சை நாக்குக்கு அடியில் சொருகிவிடுங்கள். வலது பக்கம் செயின் காத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்ட்ராப்புக்கு மட்டும் எப்போதாவது விளக்கெண்ணெய் தடவுகிறேன். சோலில் ஒரு சொட்டுப் படவிட மாட்டேன், ஊறினால் விறைப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஷூ வெளியே வருவதில்லை. பட்டைத் தோல் தண்ணீர் குடிக்கும். குடித்தபின் வெயிலில் வைத்தால் கோணும், நிழலில் வைத்தால் பாண்டியின் ஈரக்காற்றில் பூஞ்சை பூக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு ரப்பர் சோல் கேன்வாஸ்தான், ஸ்ட்ராப் தளர்வாக.

எங்களோடு ஓட்ட வருகிற தம்பி ஒருவன் இருக்கிறான், அலுமினிய சைக்கிள், எஸ்பிடி, எல்லாம் நவீனம். "அண்ணா, எதுக்குண்ணா இந்தப் பாடு" என்று ஆரம்பத்தில் கேலி செய்துகொண்டிருந்தான். போன மாதம் அவனுக்கும் ஒரு பழைய ராலே கிடைத்திருக்கிறது, அவன் மாமா வீட்டுப் பரணில். இப்போது பெரியவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறான். அவன் கால் பத்தாம் நம்பர். கிளிப்பில் சின்னது, நடுத்தரம், பெரிது என்று அளவு உண்டு; பெருவிரல் மூட்டு பெடல் அச்சுக்கு நேர் மேலே நிற்கும்போது ஷூ நுனிக்கும் கூண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அவன் வாங்கி வந்திருப்பது நடுத்தரம். பாதம் பின்னால் தள்ளி, விரலால் மிதிக்கிறான். பெரிய அளவு கிளிப் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. ஜப்பானின் மிகாஷிமா செய்கிறது, அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவரை கிளிப்பின் திருகுக்கு நடுவில் வாஷர் கொடுத்துக் கூண்டை முன்னால் தள்ளிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். திருகு நீளம் போதுமா என்பதுதான் கேள்வி.